பெரிய ஓட்டைதான் முதலில்

கோழிக்கூட்டை மூலைமுடுக்கெல்லாம் ஊர்ந்து பார்த்துவிட்டு வந்த பல்லி, சேவலிடம் விவரம் சொன்னது.

"கூடு முழுக்க ஓட்டை. இருக்கிற வைக்கோல் இன்னைக்கு ஒண்ணை அடைக்கத்தான் காணும். புள்ளிக்கோழி அடைகாக்குற இடத்துக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுக்கு வெளியே சாரைப்பாம்பு ஊர்ந்த தடம் தெரியுது. முதல்ல அதை அடைங்க."

"சின்னதா? அப்ப அது அப்புறம்," என்றது சேவல். "இருக்கிறதுலயே பெரிசு எது?"

"வாசப்பக்கம் இருக்கிறது. ஆனா அங்கே நாய் படுத்துக் கிடக்கு. ஈ காக்கா நுழையாது!"

"பெரிசுதான் முதல்ல. அதுதான் முறை."

பல்லிக்கு வந்த ஆத்திரத்தில் வால் அறுந்து விழுந்துவிடும்போலத் துடித்தது. "முறையாவது மண்ணாங்கட்டியாவது! உங்ககிட்ட அளவு கேட்டுட்டுத்தான் பாம்பு நுழையுமா?"

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டைகள் கூடி வாசல்பக்க ஓட்டையில் வைக்கோலைத் திணித்தன. சேவல் அதன் முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திக் கூவியது. அடையில் இருந்த புள்ளிக்கோழியும் எழுந்துவந்து வேடிக்கை பார்த்தது.

திரும்பிப் போனதும் அது அலறியது. "ஐயோ, என் முட்டையில பாதியைக் காணோமே!"

சேவல் கூவுவதை விட்டுப் பெட்டைகள் பக்கம் திரும்பியது. "இந்த வைக்கோலைப் பிடுங்குங்க! ஓடிப்போய் அந்தச் சின்ன ஓட்டையை அடைங்க!"

"அடைச்சுத் தொலைக்காதீங்க!" என்று பல்லி தொண்டை கிழியக் கத்தியது. "பாம்பு இன்னும் உள்ளேதான் இருக்கு!"