அட்டைகள் குழுவின் ஒரே கேசட்

காசிராஜனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது போடிமெட்டு டீக்கடை வாசலில். பங்க் ராக் பாட்டுக்காரன் மாதிரி சட்டையில் ஏழு ஊக்குகளைக் குத்திக்கொண்டு, கேமரா முன்னால் உட்கார்ந்து, கூசாமல் சொன்னான்:

"கேசட்டா? அத நான்தான் தாயி அழிச்சேன். மேல ஐயப்பன் பாட்டு பதிஞ்சுட்டேன்."

படம் எடுக்க வந்த தமிழினிக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்ன சார் இது! பங்க் ராக் பாடுன பழைய ஆளுங்களத் தேடித்தான் மதுரையில இருந்து வந்தேன். அந்த ஒரு பாட்டுதான் சாட்சி."

"மாலை போட்டிருந்தேன் தாயி. கடையில வேற கேசட்டு இல்ல."

நான் விருட்டென்று எழுந்தேன். டீ பாதி வேட்டியில் கொட்டியது.

அந்தப் பாட்டின் வயது நாற்பதுக்கு மேல். குரங்கணிக்கு மலையேற வந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஜீப்பில் ஒரு கேசட்டை விட்டுப் போனான். அதில் பங்க் ராக். ஒரே கத்தல். கிட்டாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும் போலிருந்தது. எனக்கு இரண்டு தெரியும்.

நானும் காசியும் குழு தொடங்கினோம். பெயர் 'அட்டைகள்'. ஏலத்தோட்டத்தில் காலில் ஏறி ரத்தம் குடிக்குமே, அந்த அட்டை. எங்களிடம் இருந்தது ஒரே பாட்டு.

"அட்டை கடிக்குது! அட்டை கடிக்குது!
உப்பு கொண்டா! உப்பு கொண்டா!"

நடந்ததும் ஒரே கச்சேரி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில். மூணாறில் யாரோ கழித்துப்போட்ட கிட்டாரைக் கல்யாண மைக் செட்டில் மாட்டினோம். பாட்டு காசி; பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டரையும் ஓடவிட்டான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்துக் குதித்து அடித்தேன். கரகரவென்று அப்படி ஒரு சத்தம்! கண்ணைத் திறந்தபோது மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்குக் கிடைத்ததில்லை.

ஸ்டோரில் வேலை பார்த்த ஈஸ்வரி மறுநாள் என்னைத் தேடி வந்தாள்.

"உன் கிட்டாரு, தகரத்துல கல்மழ பேஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள்.

எட்டு மாதத்தில் கல்யாணம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கல்மழைக் கதையைச் சொல்வாள். மூன்று வருடத்துக்கு முன்பு அவள் இறந்துபோகும்வரை சொன்னாள்.

அவள் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் காசியும் போனில் பங்க் ராக் பற்றிய படங்கள் பார்ப்போம். நரைத்த வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். அவர்கள் பேசுவது பாதி புரியாது. கத்துவது முழுக்கப் புரியும்.

"மாப்ளே, இவனுக்கும் முட்டி வலிதான். எந்திரிக்கும்போது பாரு!" என்பான் காசி.

டீக்கடை பெஞ்சு ஆட ஆடச் சிரிப்போம்.

ஆனால், "நம்ம கேசட்ட எடுடா, கேப்போம்" என்றால் மட்டும் ஒரு சாக்கு வைத்திருப்பான். டேப்பு சிக்கிருச்சு. ஜீப்பு ஓட்டுற அழகுராஜா வாங்கிட்டுப் போயிட்டான். எலி கடிச்சிருச்சு. இப்போது ஐயப்பன் பாட்டு.

"என் கிட்டாருடா அது" என்றேன். "அவ கேட்ட கிட்டாரு. அத இன்னொருக்கா கேக்கணும்னுதானடா உன்கிட்டத் தொங்கிக்கிட்டிருந்தேன்."

"மாப்ளே, கேமரா ஓடுது."

"ஓடட்டும். இனிமே என் மூஞ்சியில முழிக்காத!"

கீழே போகும் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

"மாப்ளே, ராஜாராம், டீ ஆறுது!" என்று பின்னால் கத்தினான். நான் திரும்பவில்லை.

அன்றிலிருந்து பதினோராம் நாள் காசி தூக்கத்திலேயே போய்விட்டான்.

கருமாதி முடிந்து கிளம்பும்போது, அவன் மனைவி மகாராணி முந்தானைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்தாள்.

"அண்ணே, இது அவுக பெட்டியில இருந்துச்சு. 'ராஜாராம் கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. இனி யாருக்காக ஒளிச்சு வைக்க?"

மேலே அவன் கையெழுத்து: அட்டைகள்.

வீட்டுக்கு ஓடி, டேப்பில் போட்டேன்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று காசி கத்துகிறான். என் கிட்டார் 'டொய்ங்' என்கிறது. உடனே 'டொப்'பென்று ஒரு சத்தம். பிறகு கிட்டாரே இல்லை. டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் காசியின் குரல் மட்டும் பதறுகிறது.

"அய்யய்யோ, வயர மிதிச்சுட்டேன், பிடுங்கிருச்சு! கண்ண மூடிக்கிட்டு ஆடுறான் பாரு, அவனுக்கே தெரியல. ஏ ஈஸ்வரி, மைக்கு பக்கத்துல அந்தக் காய் உருளையச் சுத்து! வெரசா!"

கரகரகரகர.

காய்ந்த ஏலக்காயில் காம்பு போக உருட்டும் கம்பிவலை உருளை. கையால் சுற்றுவது. அதுதான் என் கிட்டார்.

தமிழினியை வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். துள்ளி எழுந்துவிட்டாள்.

"சார்! இப்படி ஒரு கிட்டார நான் கேட்டதே இல்ல. வாசிச்சது நீங்களா?"

"இல்லம்மா. என் வீட்டுக்காரி. படத்துல பேர் போட்டுரு. பாட்டு, காசிராஜன். உருளை, ஈஸ்வரி."

"அப்ப நீங்க, சார்?"

"நான் ஆடுனேன்."

பாட்டு மூன்று நிமிடம் பத்து விநாடி. அதில் என் கிட்டார் ஒரே ஒரு அடி. கடைசியில் உருளை நிற்கிறது. ஈஸ்வரி சிரிக்கிறாள்.