சாப்பாட்டு அறையில் ரேங்க் பட்டியல்

“‘முந்நூற்றுப் பன்னிரண்டாவது ரேங்க் வாங்கின லட்சணத்துக்குச் சோறு ஒரு கேடா?’ இப்படித் தன்னையே திட்டிக்கொண்டுதான் ஜெசிந்தா சாப்பிடாமல் என்னை மூடிவைத்தாள். காதில் விழுந்ததா உனக்கு?” என்று அறிவிப்புப் பலகையிடம் சீறியது டிபன் டப்பா.

நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையத்தின் சாப்பாட்டு அறை அது. மதிய மணி அடித்ததும் முந்தின நாள் தேர்வின் ரேங்க் பட்டியலை அங்கேதான் குத்திவைப்பார்கள்.

“எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடுகிற நேரம் இதுதானாம்,” என்றது பலகை. “பெரிய காலேஜில் இருப்பதே இருநூறு இடம். பயம் இருந்தால்தான் படிப்பார்கள்.”

“நன்றாகப் படித்தார்கள். மூன்று நாளாகத் தயிர்சாதம் எனக்குள்ளேயே புளித்து வீட்டுக்குத் திரும்புகிறது. நேற்று மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதை எந்தப் பட்டியலில் போடுவீர்கள்?”

“என்னை ஏன் திட்டுகிறாய்? நான் சும்மா தொங்குகிறவன். தாளைப் பிடித்துக்கொண்டிருப்பது குண்டூசி,” என்று பலகை கைகழுவியது.

டப்பா குண்டூசியின் பக்கம் திரும்பியது.

“ஏம்மா, நாளைக்கு அவள் நாலு வாய் சாப்பிட்டு முடிக்கிற வரைக்குமாவது அந்தத் தாளைக் கீழே விட்டுவிடேன். உன்னைத்தான் கேட்கிறேன்.”