அப்பா குரலில் ஒரு சம்மதம்

“ஹலோ, செல்வகுமாரியோட அப்பா தணிகைவேல் பேசறேன்.”

கேன்டீனுக்குப் பின்னால் நின்று இதைச் சொன்னது நான். செல்வகுமாரி என் பக்கத்திலேயே துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு முறை செருமினேன். அவள் அப்பா அப்படித்தான் செருமுவார். அட்மிஷன் அன்று அவர் பேசியதை அரை மணி நேரம் கேட்டிருந்தேன். எனக்கு அது போதும்.

“பொண்ணு குதிர ஓட்ட ஆசப்படுது. கத்துக்குடுங்கம்மா. எனக்குச் சம்மதந்தான். இன்னா, நான் சொல்றது?”

அந்தப் பக்கம் குதிரையேற்றம் சொல்லித்தரும் ரோஸ்லின் அக்கா, சரிங்கய்யா என்று வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“தெரிஞ்சா அவ்ளோதான்டா மணி. படிப்ப நிறுத்திட்டு வூட்டுக்கு இட்டுனு போயிடுவாரு.”

அவள் பயத்துக்குக் காரணம் அய்யனார். திருக்கோவிலூர் பக்கம் அவர்கள் ஊர். குலதெய்வம் அவர்தான். குதிரை அவருடைய வாகனம் என்பதால் அந்த வீட்டில் கல்யாண மாப்பிள்ளையைக்கூடக் குதிரையில் ஏற்றியதில்லை. அந்த வீட்டுப் பெண், கால்நடை மருத்துவம் படிக்க வில்லியனூர் பக்கம் வந்த இடத்தில், குதிரை டாக்டர்தான் ஆவேன், அதற்கு முதலில் குதிரை ஏறிப் பழகணும் என்று கிளம்பிவிட்டாள்.

சொல்லித்தர ஆள் தேடி அலைந்தோம். கடற்கரையில் குதிரை வைத்திருந்தவர், போட்டோ எடுத்துக்கினு எறங்கிடும்மா என்றார். கல்யாண ஊர்வலக் குதிரைக்காரர் கற்றுத்தரத் தயார். ஆனால் பேண்டு வாசித்தால்தான் அவர் குதிரை காலை எடுத்து வைக்கும்.

கடைசியில் கிடைத்த நல்ல இடம் ஒதியம்பட்டு ரோஸ்லின் அக்காவுடையது. வேலி போட்ட மைதானம், ஹெல்மெட், மைனா என்று ஒரு சாதுவான குதிரை. ஒரே நிபந்தனை, வீட்டுப் பெரியவர் போனில் சம்மதம் சொல்ல வேண்டும். அதைத்தான் சொன்னேன்.

அன்று மாலையே போய்ச் சேர்ந்தாள். ரத்த வகை, அவசரத்துக்குத் தொடர்பு எண் என்று விண்ணப்பத்தில் இருந்த எல்லாக் கட்டத்தையும் நல்ல பிள்ளையாக நிரப்பிக் கொடுத்தாள்.

ஆனால் அக்கா அவளைக் குதிரையில் ஏற்றவே இல்லை.

முதல் வாரம் மைனாவுக்கு முதுகு தேய்த்தாள். இரண்டாவது வாரம் குளம்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினாள். மூன்றாவது வாரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். எட்டு வயதுப் பொடிசுகளெல்லாம் வந்த அன்றே ஏறிச் சுற்றின. இவள் கேட்டால் மட்டும், ஏத்தறப்ப ஏத்தறேன் என்ற ஒரே பதில்.

லாயம் கூட்ட ஆள் கிடைக்கவில்லை, நீ சிக்கிட்டே என்று அக்கா குரலிலேயே நான் பேசிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

தினமும் சரியாக ஆறு மணிக்கு அப்பாவின் போன் வரும். மைனா கனைப்பது கேட்டுவிடக் கூடாது என்று கரும்பு வயல் ஓரத்துக்கு ஓடுவாள். சாப்பிட்டியா என்பார். சாப்பிட்டேன்பா. பிறகு, வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா என்பார்.

“ஒண்ணுமில்லப்பா.”

போனை வைத்துவிட்டு மறுபடி மைனாவிடம் ஓடுவாள்.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் லாயத்தில் இருந்தபோது, போன் காலையிலேயே வந்தது.

“ஒதியம்பட்டு ஸ்டாப்பிங்ல எறங்கிட்டன். அந்தக் குதிர வூடு எந்தப் பக்கம்மா?”

அவள் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. நீயே ஏதாவது பேசுடா என்று போனை என்னிடம் நீட்டினாள். எனக்கு அன்றைக்கு யார் குரலும் வரவில்லை, என் குரல் உட்பட.

ஐந்தே நிமிடத்தில் மஞ்சள் பையோடு வந்து நின்றார். ரோஸ்லின் அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார்.

“வாங்கய்யா. போன காரியம் முடிஞ்சுதா?”

நாங்கள் இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தோம்.

விஷயம் இவ்வளவுதான். சம்மதம் சொன்ன போன் நம்பர் ஒன்று, விண்ணப்பத்தில் அவசரத்துக்கு என்று இவள் எழுதிய அப்பாவின் நம்பர் வேறு. சந்தேகப்பட்டு அக்கா அன்றைக்கே அந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார். மூன்று வாரம் குதிரையோடு பழகட்டும், மேலே மட்டும் ஏற்றாதீங்க, நான் வர்ற வரைக்கும் சொல்லவும் சொல்லாதீங்க என்று அப்பா கேட்டுக்கொண்டாராம்.

அவர் என்னைப் பார்த்தார். “என் கொரல்ல பேசினது நீதானா தம்பி?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

“மண்ணு குதிர செய்யச் சொல்லி, காஞ்சு, சூளையில வெந்து வர இத்தினி நாளாச்சும்மா. நேத்துதான் உன் பேர்ல அய்யனாருக்கு வெச்சேன். எம்பொண்ணு உன் வாகனத்துல ஏறலாமான்னு பூ கேட்டேன். வலப்பக்கம் வுழுந்துச்சு, சாமி சரின்னுடுச்சு.”

அவள் நெற்றியில் பூசினார். மிச்சத்தை மைனாவின் நெற்றியில் பூசினார்.

“ஏத்துங்கம்மா” என்றார் அக்காவிடம்.

செல்வகுமாரி அழ ஆரம்பித்துவிட்டாள். “நீங்க வேணாம்னு சொல்வீங்கன்னு பயந்துட்டம்பா.”

அவர் இரண்டு முறை செருமினார்.

“சாமியக்கூட ஒரு வார்த்த கேட்டாச்சு. என்னத்தாம்மா யாரும் கேக்கல.”