லொபேட்டி ஜெயித்த வழக்கு

கைவிலங்கைக் கழற்றியதும் மனாசே கேட்ட முதல் கேள்வி, விமானம் எப்போது என்பதுதான்.

வக்கீல் லொபேட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனுக்கு டோங்கா மொழி அரைகுறை. கைக்குழந்தையாக சிட்னிக்குப் போனவன். முப்பது வயதில் ஏதோ அடிதடியைக் காட்டி அந்த நாடு துரத்திவிட, இங்கே வந்து விழுந்தவன். தீர்ப்பு புரிந்திருக்காது, பாவம்.

“விமானமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. ஜெயிச்சுட்டோம். இனி உன்ன யாரும் கொண்டுபோக முடியாது.”

சொல்லும்போதே லொபேட்டிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நிமிராதா பின்னே? லொபேட்டியை வக்கீலாக வைத்தவன் வீட்டிலிருந்தே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரலாம் என்று கவா பானம் குடிக்கக் கூடும் இடத்தில் சிநேகிதர்கள் சொல்வார்கள். தலைநகர் நுகுஅலோஃபாவின் சிறையில் பாதிப் பேர் நான் அனுப்பிவைத்தவர்கள்தான் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார். மற்றவர் சொல்லிக் கேட்பதற்கு அது தேவலை.

இந்த வழக்கு மட்டும் வேறு. சிட்னியில் ஒரு பழைய நகைக்கடைத் திருட்டு. அது மனாசேயின் வேலை என்று யாரோ போனில் துப்புக் கொடுக்க, ஆளை ஒப்படையுங்கள் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள்.

முதல் நாளே லொபேட்டி அவனுக்குப் பாடம் நடத்தினார். முன்பு உன்னைத் துரத்தினார்களே, அது நாடுகடத்தல், போ என்பது. இப்போது கேட்பது ஒப்படைப்பு, வா என்பது. போ என்றவன் வா என்றால் உடனே அனுப்பிவிடுவோமா?

மனாசே என்னவோ சொல்ல வாயெடுத்தான். வழக்கு முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று அடக்கிவிட்டார். கட்சிக்காரன் வாயைத் திறந்து கெட்ட வழக்குகள் அவர் கையில் ஏராளம். மீதியை அவரே வாயைத் திறந்து கெடுத்திருந்தார்.

இன்று காலை, ஊர் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் சுற்றும் பாயைக் கட்டத் தெரியாமல் நின்றவனுக்குத் தன் வீட்டு நல்ல பாயையே கட்டிவிட்டு, அவனைக் காட்டிப் பேசினார். இது இவன் மண். இவன் முன்னோர் உறங்கும் மண். இத்தனை காலம் கழித்து இவனை இதிலிருந்து பிடுங்குவது நியாயமா? பார்க்க வந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அரசு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லொபேட்டியும் கொஞ்சம் அழுதார்.

இப்போது, ஜெயித்த செய்தியைக் கேட்டு, மனாசே நீதிமன்றப் படியில் மெல்ல உட்கார்ந்தான். யாரையும் பார்க்காமல் பேசினான்.

சிட்னியில் அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்க அவனுக்கு ஆயுளுக்கும் அனுமதி கிடையாது. கைதியாகக் கொண்டுபோனால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் சிறைக்கு வந்து பார்ப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

லொபேட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் வேறு மண்ணில் வளர்ந்தவனிடம், எது உன் மண் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரசு வக்கீலைத் துரத்தி ஓடினார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு, தயவுசெய்து மேல்முறையீடு செய்யுங்கள் என்று கெஞ்சினார். இன்னும் கண் சிவந்திருந்த அந்த மனிதர், உங்கள் தன்னடக்கம் யாருக்கு வரும் என்று கையைக் குலுக்கினார். அப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகு மேல்முறையீடு செய்தால் சோறு இறங்காது என்றார்.

லொபேட்டி திரும்பி வந்தபோது மனாசே எழுந்து நின்று, பாயை அவிழ்த்து மடித்து அவரிடம் நீட்டினான். அவர் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

“விடுங்க சார். நகைக்கடையில நான் எதுவும் எடுக்கல, துப்புன்னு சும்மா நானாத்தான் போன் போட்டேன். திரும்பப் போடறேன். இந்தத் தடவ பெருசா ஒண்ணு சொல்லிக்கிறேன்.”

படியிறங்கப் போனவன் திரும்பினான்.

“நீங்க மட்டும் வந்துடாதீங்க.”