மறதி மகாராணி

நான்காம் வகுப்பில் அவளை ‘மறதி மகாராணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் ஸ்கேல், மறுநாள் தண்ணீர் பாட்டில். வீடு அடுத்த தெருதான் என்பதால் ஓடிப்போய் எடுத்துவர அனுப்பிக்கொண்டிருந்த டீச்சருக்கு, இன்று பொறுமை போய்விட்டது.

“இன்னிக்கு என்ன?”

“கணக்கு நோட்டு, டீச்சர்.”

“போகக் கூடாது. பெஞ்சு மேல ஏறி நில்லு!”

“சாயங்காலம் வரைக்கும் நிக்கிறேன், டீச்சர். இப்ப ஒரே ஓட்டமா போயிட்டு வந்துடறேனே!”

டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. பையைப் பிடுங்கிக் கொட்டினார். முதலில் விழுந்ததே கணக்கு நோட்டுதான்.

“பொய்யா சொல்றே? தினமும் வீட்டுக்குப் போய் என்னடி பண்றே?”

உதடு பிதுங்கியது அவளுக்கு.

“போன மாசம் அம்மா மாத்திரையெல்லாம் மொத்தமா முழுங்கிட்டாங்க, டீச்சர். அதான்... மூச்சு வருதான்னு பாத்துட்டு ஓடி வந்துடுவேன்.”