நீலத் திரை

"அழிக்க வேணாம் சேர். யாரு செஞ்ச வேலைன்னு தெரியணும்" என்றான் கொழுந்து நிறுக்கும் நிரோஷன்.

ரூபிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலை பெக்டரியில் அவள் கிளார்க்காகச் சேர்ந்த வாரத்திலிருந்துதான் ஒபிஸ் கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத் திரையாகி நின்றது. கொழுந்து நிறுத்த விவரமெல்லாம் பாதியிலேயே போனது.

"போனச் சொருகி வைரஸ் ஏத்திட்டா. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடுங்க. இந்தப் புள்ளையையும் நிப்பாட்டிருவோம்" என்றிருந்தார் மெனேஜர் சண்முகராஜா. அதற்குத்தான் நிரோஷன் குறுக்கே விழுந்தான்.

"இவன் தங்கச்சிக்கு அந்த வேலை கெடைக்கல. அந்தக் கடுப்பு" என்று பேக்கிங் தனலெட்சுமி ரூபிகாவின் காதில் சொன்னாள்.

கினிகத்தேனையிலிருந்து லோஜினி வந்தாள். கம்ப்யூட்டர் திருத்துகிறவள்.

"இப்பிடி நீலமாகி விழுறப்போ கடைசியா என்ன நடந்துச்சுன்னு கம்ப்யூட்டரே பதிஞ்சு வைக்குங்க. அந்தப் பதிவப் படிக்கிற கர்னல் டிபக்கர்ல தொறந்தா தெரியும்."

"என் போன்தான்னு வந்தா?" என்றாள் ரூபிகா.

"போன்னா போன்னுதான் காட்டும்."

லோஜினி ஒவ்வொரு பதிவாகத் திறந்தாள். திரை நிறைய ஆங்கில எழுத்து ஓடியது. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே பெயர்.

"போனும் இல்ல, வைரஸும் இல்ல. புதுத் தராசுக்குப் போட்ட டிரைவர். தராசு காட்டுறத கம்ப்யூட்டருக்குச் சொல்ற சின்ன புரோகிராம். இந்த விண்டோஸுக்கு ஒத்துவராததப் போட்டிருக்காங்க."

அதை எடுத்துவிட்டுச் சரியானதைப் போட்டாள்.

அந்திக் கொழுந்து முழுக்க நிறுத்தாகிவிட்டது. திரை ஒருமுறைகூட நீலமாகவில்லை. ரூபிகா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி மூட்டை வரை பதிந்தாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தப்பா நெனச்சிட்டேம்மா. நாளைக்கும் நீதான் இந்த சீட்டுல" என்றார் மெனேஜர்.

தனலெட்சுமி நிரோஷனைப் பார்த்தாள். "என்ன தம்பி, நெனச்சது நடக்கலையோ?"

"நடந்துருச்சுக்கா."

மெனேஜர் திரும்பினார். "சரி, அந்த டிரைவரப் போட்டது யாரு?"

"நான்தான் சேர். இந்தப் புள்ள சேர்ந்த அதே வாரம், தராசு வந்தன்னைக்கு நெட்ல எடுத்துப் போட்டேன். அதுவா இருக்குமோன்னு ஒரு சந்தேகம், உறுதியாத் தெரியல. நீங்க அழிச்சிருந்தா என் தப்பும் சேர்ந்து அழிஞ்சிருக்கும். பழி மட்டும் இந்தப் புள்ள மேலயே நின்னுருக்கும்."