பழைய நம்பர்

“இந்த மாசக் கடைசியோட இந்த போன் செத்துப்போயிருமாம் மீனா.”

நோர்வூட் டவுனிலிருந்து வந்த செல்லசாமி, செங்கல் மாதிரி இருந்த பழைய போனை மேசையில் வைத்தான். பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற புதுப் போன் ஒன்றையும் வைத்தான்.

“நல்லாத்தானே இருக்கு, எதுக்குச் சாகுது?” என்றாள் மனைவி மீனம்மா.

“போன்ல பழுதில்ல. பழைய மாதிரி லைனையெல்லாம் கம்பனி நிப்பாட்டுது. இனிமே சிம் போடுற போன்தான். நம்பரும் வேற.”

நம்பர் வேறு என்றதும் மீனம்மா நிமிர்ந்து பார்த்தாள். தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டும் செல்லசாமியைப் பழைய நம்பரில் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர், லொறி எங்கே நிற்கிறது என்று கேட்கும் ஸ்டோர் கிளாக்கர். இன்னொருத்தி, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் புஷ்பலீலா.

“லீலாவுக்குத்தான் உடனே சொல்லணும்,” என்றான் செல்லசாமி. “அவகிட்ட சொந்தப் போன் இல்ல, நம்மளால அவளக் கூப்புட ஏலாது. எழுதப் படிக்கவும் தெரியாதவ. இந்த நம்பர விட்டா அவளுக்கு வேற வழி கிடையாது.”

‘அவளைப் பற்றித்தான் முதல் கவலை’ என்று மீனம்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் செல்லசாமி முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கோயில் மேட்டுக்குக் கிளம்பிவிடுவான். அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் கிடையாது. அவன் மட்டும் போனாலாவது போகட்டும். ஆறு வயதுப் பிரியந்தியையும் தோளில் தூக்கிக்கொண்டு போவான். இருட்டும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கி வருவார்கள்.

“அம்மா, லீலாம்மா எனக்கு நடக்குற பொம்ம வாங்கிட்டாங்களாம்,” என்பாள் பிரியந்தி.

அந்த ‘லீலாம்மா’வைக் கேட்கும்போதெல்லாம் மீனம்மாவுக்கு வயிறு எரியும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, தலை சீவி, சோறூட்டித் தூங்க வைப்பது இவள். வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டுச் சிரிப்பதோடு அவள் வேலை முடிந்தது. அவள் அனுப்பிய, குளிக்கிற வாசனைச் சவுக்காரத்தை மீனம்மா இதுவரை தொட்டதில்லை. அவள் அனுப்பிய சட்டையைப் பிரியந்தி போட்டுக்கொண்டு நின்றால், பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“வர்ற வெள்ளிக்கிழம நான் லொறியோட கொழும்புத் துறைமுகத்துக்குள்ள நிப்பேன், அங்க போன் கொண்டுபோக விடமாட்டாங்க,” என்றான் செல்லசாமி. “நீ பழைய போன எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போ. லீலா கூப்புட்டா புது நம்பரச் சொல்லிரு. அதுக்கடுத்த வாரம் இந்த லைன் இருக்காது.”

புது நம்பரை அவளுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்ல வைத்துவிட்டுத்தான் எழுந்தான்.

வெள்ளிக்கிழமை மீனம்மா தனியாகவே மேடேறினாள். பிரியந்தி வருவேன் என்று அழுததைப் பொருட்படுத்தாமல் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

போன் அடித்தது. மீனம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பட்டன் மேல் விரலை வைத்தாள், அழுத்தவில்லை. மூன்றாவது தடவை நீண்ட நேரம் அடித்தது. அது நின்ற பிறகு போனை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

“சொல்லிட்டியா?” என்று கேட்டான் கொழும்பிலிருந்து வந்த செல்லசாமி.

“சொன்னேங்க. சரின்னா.”

மாதம் முடிந்தது. பழைய போனில் இரைச்சல்கூட இல்லாமல் போயிற்று. புதுப் போனை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் மேடேறிய செல்லசாமியும் பிரியந்தியும் பேசாமலே இறங்கி வந்தார்கள்.

“நம்பர சரியாத்தான் சொன்னியா மீனா?”

“ஒவ்வொண்ணாத்தான் சொன்னேன். கையில காசு பொழங்குனா நம்மள எல்லாம் ஞாபகம் இருக்குமா?”

செல்லசாமி டவுனுக்குப் போய், பழைய நம்பருக்கு வரும் அழைப்பைப் புது நம்பருக்குத் திருப்பித் தர முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தான். அந்த லைனே இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மீனம்மாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பிரியந்தி லீலாம்மாவைக் கேட்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டு, இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியபோது அந்த உறுத்தலும் போய்விட்டது. இனி இந்த வீட்டில் அவள் பேச்சு இல்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்லசாமி விறகுக்குப் போயிருந்தான். மீனம்மா வாசலில் உட்கார்ந்து பிரியந்திக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். லயத்துக்குக் கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் பெட்டியைக்கூட எடுக்காமல் படியேறி ஓடி வந்தாள். புஷ்பலீலா.

பிரியந்தி பயந்து மீனம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“அங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறதுக்குக் கைநாட்டு வச்சிருந்தேன்,” என்றாள் புஷ்பலீலா, மூச்சு வாங்க. “கடைசியா கூப்புட்டப்ப அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் பேசல. அப்புறம் லைனே செத்துப்போச்சு. இங்க என்னமோ ஆயிருச்சுன்னு பயந்து எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

மீனம்மா எழுந்து நின்றாள். சீப்பு கையிலேயே இருந்தது.

“கைக்கொழந்தையா உங்க மடியில போட்டுட்டுப் போனேன். அண்ணனும் நீங்களும் வளத்தது போதும் அண்ணி,” என்று மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள் புஷ்பலீலா. “இனிமே நான் எங்கயும் போகல. எம் மகள எங்கிட்ட குடுங்க.”